கையடக்க லேசர் வெல்டிங் கன்னுக்கான காப்புக் கவசம்: காப்புரிமையில் 'ஆப்வியஸ்' மறுப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவசம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

கன்னின் நாசிலைச் சுற்றி மாட்டும் தடுப்பைத்தான். வெல்டிங் செய்யும் உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் லேசர், வெல்டரின் கண்ணுக்கோ கைக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ போய்ச் சேராமல் தடுப்பது அதன் வேலை. கன்னுக்குள் லென்ஸைக் காக்கும் புரொடெக்டிவ் கிளாஸ் வேறு. உருகிய உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வேறு. மூன்றுக்கும் 'ஷீல்டு' என்ற சொல்லே புழங்குகிறது. அதனால் காப்புரிமைத் தேடலில் பாதி முடிவுகள் வாயுவைப் பற்றியே வரும். விண்ணப்பத்தில் எந்த ஷீல்டு என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நாசில் தொட்டால்தான் லேசர் வரும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறதே, கவசம் எதற்கு?

எர்த் கிளாம்பை உலோகத்தில் மாட்டி, செம்பு நாசில் அதே உலோகத்தைத் தொட்டால் மின்சுற்று மூடும். அப்போதுதான் டிரிக்கர் வேலை செய்யும். இன்று விற்கும் கன்களில் இது சாதாரணம். ஆனால் இந்தச் சுற்றுக்குத் தெரிவது தொடுதல் மட்டுமே, கதிர் எங்கே போகிறது என்பதல்ல. நாசிலின் ஒரு ஓரம் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்க, கதிர் விளிம்பைத் தாண்டி வெளியே போகலாம். சுற்று மூடியே இருக்கும், லேசர் நிற்காது. எர்த் கிளாம்ப் மாட்டிய இரும்பு மேசையை நாசில் தொட்டாலும் இதே கதைதான்.

இந்தக் கன்கள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 வாட் வரையிலான யெட்டர்பியம் ஃபைபர் லேசரில் ஓடுகின்றன. அலைநீளம் 1,070–1,080 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் இது மிக ஆபத்தான நான்காம் வகுப்பு. அறை வெப்பநிலையில் செம்பு இந்த அலைநீளத்தை 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அலுமினியமும் ஏறக்குறைய அப்படித்தான். கன்னைச் சாய்த்துப் பிடிப்பதால், தெறிப்பு வெல்டருக்கு எதிர்ப்பக்கம்தான் அதிகம் போகும். கண்ணாடி போட்டிருக்கும் வெல்டரைவிட எதிரே கண்ணாடி இல்லாமல் நிற்கும் உதவியாளுக்கே ஆபத்து கூடுதல்.

'ஆப்வியஸ்' என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு கேட்பது இதுதான்: முன்பே வெளியானவற்றுக்கும் உங்கள் கிளெய்முக்கும் (பாதுகாப்பு எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம்) உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், விண்ணப்பத் தேதிக்கு முன் அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு முழுமையாகவே எளிதில் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை கிடையாது. இந்த வரையறை 1952-இல் சட்டத்தில் ஏறியது. கருத்து அதைவிடப் பழையது: 1851-இல் ஹாட்ச்கிஸ் வழக்கில், கதவுக் குமிழை மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் செய்தது கண்டுபிடிப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1966-இல் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கு சோதனைமுறையை வகுத்தது. முன்பு இருந்தவை என்ன, கிளெய்ம் அவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது, துறையில் சாதாரணத் திறமை எவ்வளவு என்று மூன்றையும் பார்க்க வேண்டும். அதோடு, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்களின் தோல்வி, சந்தை வெற்றி போன்ற பக்கச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். அந்த வழக்கின் பொருளே ஒரு கலப்பைக் கொழு மாட்டும் கிளாம்ப். இரண்டு பாகங்களின் இடத்தை மேல்கீழாக மாற்றியதுதான் 'கண்டுபிடிப்பு'. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. கவசம் செய்பவர்கள் படிக்க வேண்டிய முதல் வழக்கு இதுதான்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது கணக்கில் வராது. 3 வருடம் உழைத்துச் செய்தாலும் தற்செயலாகத் தோன்றினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

என் கவசம் அப்படியே எந்த ஆவணத்திலும் இல்லை. அது போதாதா?

போதாது. அது புதுமைக்கான விடை. எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. ஒரே ஆவணத்தில் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்றைச் சேர்த்தால் கிடைத்துவிடும் என்றால் அப்போதுதான் ஆப்வியஸ் கேள்வி எழுகிறது. காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் முதல் ஆட்சேபத்துக்கு எழுதும் பதில்களில் பெரிய தவறு இந்த இரண்டையும் குழப்புவதுதான். "முதல் ஆவணத்தில் தூரிகை இல்லை, இரண்டாவதில் லேசர் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆய்வாளரும் அதைத்தான் சொன்னார். சேர்ப்பதற்குக் காரணம் இருந்ததா என்பதே சண்டை.

ஆய்வாளர் எப்படி மறுப்பை அடுக்குவார்? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

கற்பனையாக ஒரு கிளெய்ம் எடுத்துக்கொள்வோம். கையடக்க லேசர் வெல்டிங் கன். நாசிலைச் சூழ்ந்த உலோக வளையம். வளையத்தின் விளிம்பில் வேலைத்துண்டைத் தொடும் எஃகுத் தூரிகை. வெல்டர் பார்க்க, லேசரை உறிஞ்சும் சாளரம். வளையம் தொடாதபோது லேசரை நிறுத்தும் சுவிட்ச்.

ஆய்வாளர் முதலில் அடிப்படை ஆவணம் ஒன்றை எடுப்பார்: நாசில் தொடும் சுற்றோடு கூடிய கையடக்கக் கன். அதில் வளையமும் தூரிகையும் சாளரமும் இல்லை. இரண்டாவதாக, ஆங்கிள் கிரைண்டரில் தூசி சிதறாமல் இருக்க மாட்டும், விளிம்பில் தூரிகை வைத்த உறை. மூன்றாவதாக, லேசர் அறைகளில் போடும் உறிஞ்சு சாளரம். பிறகு காரணம் எழுதுவார்: கருவிமுனையிலிருந்து சிதறுவதைப் பணியிடத்திலேயே அடைக்கத் தூரிகை உறை தெரிந்த வழி; லேசர் இருந்தால் உறிஞ்சு சாளரம் தெரிந்த வழி; ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்கிறது; விளைவு எதிர்பார்த்ததே.

இந்தக் கடைசி வாக்கியத்தின் வேர் 2007-இல் வந்த கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு. காரின் மிதிகட்டையில் மின்னணு சென்சாரைப் பொருத்தியது பற்றிய வழக்கு. சேர்க்கச் சொல்லும் வாசகம் ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்ற இறுக்கமான சோதனையை உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்தது. துறை தெரிந்தவர் சாதாரணப் படைப்புத்திறன் உள்ளவர், இயந்திர பொம்மை அல்ல என்றது. இயந்திரப் பாகங்களைச் சேர்க்கும் விண்ணப்பங்களுக்கு அன்றிலிருந்து வழி குறுகிவிட்டது. ஆனாலும் ஆய்வாளர் "சேர்க்கலாம்" என்று மட்டும் எழுதித் தப்ப முடியாது. ஏன் சேர்ப்பார் என்பதற்குத் தர்க்கமான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காரணம் எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதே உங்கள் பதிலின் மையம்.

அந்த உதாரணத்துக்கு நல்ல பதில் எப்படி இருக்கும்?

"கிரைண்டர் உறை லேசர் கன்னில் மாட்டாது, அளவே வேறு" என்று எழுதாதீர்கள். ஒரு பாகத்தைக் கழற்றி அப்படியே இன்னொன்றில் மாட்ட முடியுமா என்பது சோதனையல்ல என்று 1981-இலேயே கெல்லர் வழக்கில் முடிவாகிவிட்டது.

வேலை செய்யும் விதத்தைப் பிடியுங்கள். கிரைண்டர் உறை உறிஞ்சு குழாயோடு வேலை செய்வது. வெளிக்காற்று தூரிகை இழைகளின் இடைவெளி வழியாக உள்ளே வந்தால்தான் தூசி இழுபடும். அதாவது அந்த ஆவணம் இடைவெளியை விரும்புகிறது. லேசருக்கோ ஒரு இடைவெளியும் நேர்க்கோட்டில் திறந்திருக்கக் கூடாது. அந்த ஆவணம் சொல்கிறபடியே தூரிகையை எடுத்து வைத்தால் ஒளி கசியும். கசியாமல் செய்ய இழைகளை அடர்த்தியாக்கினால் ஆர்கானும் புகையும் வெளியேற வழியில்லை. புகை நாசிலுக்குள் ஏறி புரொடெக்டிவ் கிளாஸை மங்கச் செய்யும், மங்கிய கிளாஸ் சூடேறி வெடிக்கும். ஆக ஆய்வாளரின் சேர்க்கையிலிருந்து உங்கள் கவசத்துக்கு வர இன்னும் ஒரு படி வேண்டும். அந்தப் படி எந்த ஆவணத்திலும் இல்லை.

இந்த வாதம் நிற்க, அந்தப் படி கிளெய்மில் இருக்க வேண்டும். வெறும் 'தூரிகை' என்று எழுதியிருந்தால் வாதம் காற்றோடு போகும். 'ஒன்றுக்கொன்று நகர்த்தி வைத்த இரண்டு வரிசை இழைகள். அவற்றுக்கிடையே வாயு வளைந்து வெளியேறும், ஆனால் நேர்க்கோட்டுப் பார்வை இல்லாத பாதை' என்று இருந்தால் பேச இடமுண்டு.

கிரைண்டர், மணல்வீச்சு, ஆணி அடிக்கும் துப்பாக்கி. இவை வேறு துறை இல்லையா?

அமெரிக்கச் சோதனைக்கு இரண்டு வாசல்: ஒரே துறையா? இல்லாவிட்டால், கண்டுபிடிப்பாளர் எதிர்கொண்ட சிக்கலுக்கு நியாயமாகத் தொடர்புள்ளதா? ஒன்று பொருந்தினாலும் ஆவணம் உள்ளே வந்துவிடும். கருவி பணியிடத்தை அழுத்தினால் மட்டுமே இயங்க வேண்டும் என்ற சிக்கலுக்கு, ஆணித் துப்பாக்கியின் தொடுமுனை நேரடி உறவு. முடி நீக்கும் மருத்துவ லேசர்களின் கைப்பிடியில் தோலைத் தொடும் சென்சார் அதைவிட நெருங்கிய உறவு. வாயு போக வேண்டும், ஒளி போகக் கூடாது என்ற சிக்கலுக்கு, புகைப்பட இருட்டறையின் காற்றுவாசல் சொந்தக்காரன்.

ஒன்றைக் கவனிக்கவும். உங்கள் விண்ணப்பத்தின் 'சிக்கல்' பத்தி எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலமாக வாசல் திறக்கும். "கருவிகளிலிருந்து தெறிப்பதைத் தடுப்பது" என்று எழுதினால் உலகத்துக் கருவியெல்லாம் உள்ளே வரும். "தொடுசுற்று மூடியிருக்கும்போதே விளிம்பைத் தாண்டிக் கசியும் 1 மைக்ரான் கதிர்" என்று எழுதினால் வாசல் சிறியது.

எத்தனை ஆவணம் வரை சேர்க்கலாம்?

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 1991-இல் கோர்மன் வழக்கில், கட்டைவிரல் வடிவக் குச்சி மிட்டாய் ஒன்றை 13 ஆவணங்களைச் சேர்த்து மறுத்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. "நாலு ஆவணம் தேவைப்பட்டதே, அதுவே சான்று" என்ற வாதத்தை விட்டுவிடுங்கள்.

கழற்றி மாட்டும்படி செய்தேன், சுவிட்சை இடம் மாற்றினேன். இதெல்லாம் எடுபடுமா?

தனியாக எடுபடாது. அமெரிக்க ஆய்வாளர் கையேட்டில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. கழற்றும்படி செய்தல்: 1961-இன் டல்பெர்க் வழக்கு, உதட்டுச்சாய மூடி. இரண்டு பாகத்தை ஒன்றாக்குதல்: 1965-இன் லார்சன் வழக்கு. சுவிட்சை நகர்த்துதல்: 1950-இன் ஜாப்பிக்ஸே வழக்கு, ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ஸ்டார்ட் சுவிட்ச். ஒன்றுக்குப் பதில் பல வைத்தல்: 1960-இன் ஹார்சா வழக்கு. கையில் எடுத்துச் செல்லும்படி செய்தலும் அதே பட்டியலில் உண்டு.

ஆனால் மாற்றம் வேலை செய்யும் விதத்தையே மாற்றினால் கதை வேறு. நாசிலைச் சுற்றி மூன்று தொடுபுள்ளி வைத்து, மூன்றும் மூடினால்தான் லேசர் என்று செய்தால், 'மூன்று' என்பது வெறும் பெருக்கல் இல்லை. ஒரு புள்ளி விளிம்பைத் தாண்டியதும் சுற்று அறுகிறது. ஒற்றைத் தொடுதலால் முடியாத வேலை அது. இந்த வாதம் எழுத்தில் வலுவானது. இருந்தாலும், மூன்று தொடுபுள்ளி ஏற்கெனவே வேறு லேசர் கைப்பிடிகளில் இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் என்று அளவு போட்டால்?

பழைய ஆவணத்தில் 2 முதல் 10 என்று இருந்தால், எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதே முதற்பார்வையில் ஆப்வியஸ். பரிசோதித்து நல்ல அளவைக் கண்டுபிடிப்பது வழக்கமான வேலை என்பது 1955-இன் ஆலர் வழக்கிலிருந்து வரும் நிலை. தப்ப இரண்டு வழி. அந்த எல்லைக்குள் மட்டும் எதிர்பாராத விளைவு வருகிறது என்று எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்து காட்டுவது ஒன்று. அந்த அளவு விளைவைப் பாதிக்கும் என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று காட்டுவது இன்னொன்று. இரண்டாவது கடினம், கிடைத்தால் பலமானது.

அப்படியானால் எதுதான் தேறும்?

தனித்தனியாக ஒவ்வொரு பாகமும் தெரிந்ததாகவே இருக்கட்டும். அவை சேரும்போது ஒன்றையொன்று மாற்ற வேண்டும். கவசத்தில் இந்த மோதல்கள் நிறைய கிடைக்கும். உட்புறத்தைக் கறுப்பாக்கினால் கதிரை உறிஞ்சி வளையம் சூடேறும், கையுறை தாங்காது. பளபளப்பாக விட்டால் கதிர் உள்ளேயே பலமுறை தெறித்து ஏதோவொரு இடுக்கில் வெளியே வரும். மூடினால் புகை, திறந்தால் கசிவு. சாளரம் பெரிதானால் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் பாலிகார்பனேட் உருகுமிடம் நெருங்கும். ஒரே ஏற்பாடு இரண்டு மோதலைச் சேர்த்துத் தீர்த்தால், உதாரணமாக வெளியேறும் ஆர்கானே வளையத்தைக் குளிர்வித்தபடி, ஒளி கடக்க முடியாத வளைந்த பாதை வழியாகப் போனால், அங்கே பேசுவதற்குப் பொருள் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி. "கவசம் ஆர்கானைப் பிடித்து வைக்கிறது, வாயுச் செலவு குறைகிறது, இது எதிர்பாராதது" என்று பலரும் எழுதுகிறார்கள். டைட்டானியத்தை டிக் வெல்டிங் செய்பவர்கள் பல ஆண்டுகளாக டிரெய்லிங் ஷீல்டு (டார்ச்சின் பின்னால் வெல்டின் மேல் ஆர்கானைப் பிடித்து வைக்கும் உறை) வைத்து இதையேதான் செய்கிறார்கள். ஆய்வாளர் அதை எடுத்துப் போட்டதும் உங்கள் 'எதிர்பாராதது' எதிர்பார்த்ததாகிவிடும்.

இரண்டாவது நல்ல வழி, சிக்கலின் மூலத்தைக் கண்டுபிடித்திருப்பது. 1969-இன் ஸ்பொனோபிள் வழக்கில் மருந்துக் குப்பியின் நடு அடைப்பு வழியாகவே ஈரம் கடக்கிறது என்பதை யாரும் அறியவில்லை. காரணம் தெரிந்த பிறகு தீர்வு எளிதாகத் தோன்றினாலும், காரணத்தைக் கண்டதே காப்புரிமைக்குத் தகும் என்றது நீதிமன்றம். கசிவு கன்னைத் தூக்கும்போது வருவதாக எல்லோரும் நினைத்திருக்க, விளிம்பில் ஓடும்போதுதான் வருகிறது என்று நீங்கள் அளந்து காட்டினால் இந்த வாசல் திறக்கும்.

மூன்றாவது, முன் ஆவணங்கள் எதிர்த்திசையில் போகச் சொல்லியிருப்பது. 1966-இன் ஆடம்ஸ் வழக்கில், தண்ணீர் ஊற்றினால் இயங்கும் மெக்னீசியம் பேட்டரி தேறியது இதனால்தான். அது வேலை செய்யாது என்று நிபுணர்களே சொல்லியிருந்தார்கள். ஆனால் வேறொன்றை 'விரும்புகிறோம்' என்று ஆவணம் சொல்வது எதிர்ப்பு ஆகாது. "நாசிலுக்கு அருகே தடுப்பு வைக்கக் கூடாது, ஃபில்லர் வயர் இடிக்கும்" என்பது போல நேராகத் தடுக்க வேண்டும்.

விவரணத்தில் (விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில்) என்னென்ன அளவீடு வேண்டும்?

முதலில் கணக்கு. 1,500 வாட் கதிர் முழுவதும் மங்கலான பரப்பில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது என்று வையுங்கள். தூரம் ர மீட்டர் என்றால் அங்கே படும் செறிவு அதிகபட்சம் 1,500 ÷ (π × ர²). இந்த அலைநீளத்தில் கண்ணுக்கு 10 விநாடிக்கு மேல் அனுமதிக்கும் அளவு சதுர மீட்டருக்கு 50 வாட். இரண்டையும் சமன்செய்தால் ஏறக்குறைய 3.1 மீட்டர். 30 சென்டிமீட்டரில் செறிவு சதுர மீட்டருக்கு 5,300 வாட்டைத் தொடும், அதாவது வரம்பைப் போல 100 மடங்குக்குச் சற்று மேல். ஆக சிதறலை மட்டும் தடுக்கவே கவசம் நூறில் ஒரு பங்குக்குக் குறைக்க வேண்டும். கண்ணாடிபோல் தெறிக்கும் கதிருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது பல மடங்கு மோசம். சாளரத்துக்கும் வெல்டர் போடும் கண்ணாடிக்கும் ஒளியடர்த்தி 6 அல்லது 7 கேட்பது அதனால்தான். 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே கடக்கும்.

பிறகு அளவீடு. கவசம் இல்லாமல், பழைய வடிவக் கவசத்தோடு, உங்கள் கவசத்தோடு என்று மூன்று நிலையிலும் ஒரே சக்தி, ஒரே வேகம், ஒரே வாயு ஓட்டம் வைத்து அளக்க வேண்டும். பழைய வடிவம் என்பது ஆய்வாளர் எடுக்கக்கூடிய மிக நெருங்கிய ஆவணத்தில் உள்ளது. உங்கள் பழைய மாடல் அல்ல. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), அலுமினியம் இரண்டிலும், தட்டையான இணைப்பு, மூலை இணைப்பு, விளிம்பு என்று மூன்றிலும் செய்யுங்கள். மூலை இணைப்பில் வட்ட வளையம் உட்காராது, இரண்டு பக்கமும் முக்கோண இடைவெளி விழும். தட்டைத் தகட்டில் மட்டும் அளந்த தரவு அங்கேயே உடையும். சாதாரண சிலிக்கான் ஃபோட்டோடயோடு 1,000 நானோமீட்டருக்கு மேல் உணர்திறன் சட்டென்று குறையும், சூட்டாலும் மாறும். இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் வையுங்கள். கவசப் பொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு லேசர் காப்புத் தடுப்புகளுக்கான ஐ.இ.சி. 60825-4 தரநிலையின் சோதனை வகுப்புகளைப் பின்பற்றலாம்: டி1 30,000 விநாடி, டி2 100, டி3 10.

தரவைப் பிறகு கொடுக்கலாமா?

அமெரிக்காவில் விதி 132-இன் கீழ் உறுதிமொழியாகக் கொடுக்கலாம். தரவு கிளெய்மின் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். எஃகுத் தூரிகையில் மட்டும் அளந்துவிட்டு 'ஏதேனும் நெகிழ்வான விளிம்பு' என்று கோரினால் நிராகரிப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லாத புது அம்சத்தைப் பிறகு சேர்க்க எந்த நாட்டிலும் முடியாது. இந்தியாவில் பிரிவு 59 இன்னும் இறுக்கம்: திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் முழுவதும் அடங்க வேண்டும். ஆகையால் பின்வாங்கும் நிலைகளைச் சார்பு கிளெய்ம்களாக (முதன்மைக் கிளெய்மோடு கூடுதல் அம்சம் சேர்த்து அதைக் குறுக்குபவை) முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். முதன்மைக் கிளெய்ம் ஒன்றும் சார்பு கிளெய்ம் இரண்டும் என்று சிக்கனம் பிடித்த விண்ணப்பங்களுக்கு முதல் ஆட்சேபத்திலேயே ஒதுங்க இடமிருக்காது.

இந்தியாவில் சோதனை வேறா?

சொற்கள் வேறு. 1970-இன் சட்டத்தில் பிரிவு 2(1)(ஜேஏ), இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ அல்லது இரண்டுமோ வேண்டும் என்கிறது. அதோடு துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக் கூடாது என்கிறது. விலை குறைவு என்பது மட்டும் போதாது, இரண்டாம் பாதியையும் தாண்ட வேண்டும். கவசத்துக்கு உண்மையான ஆபத்து பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்கள் தனித்தனியே தெரிந்தபடி இயங்க, அவற்றை வெறுமனே அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பே அல்ல. வளையம் தன் வேலை, சுவிட்ச் தன் வேலை, சாளரம் தன் வேலை என்று விவரணம் எழுதினால் இந்தப் பிரிவை நீங்களே அழைத்து வருகிறீர்கள்.

உச்ச நீதிமன்றத்தின் அடிப்படைத் தீர்ப்பு 1978-இன் பிஷ்வநாத் பிரசாத் வழக்கு. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஏற்பாடு பற்றியது. பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டுக்குக் காப்புரிமை இல்லை என்றது அது. ஆட்சேபங்களில் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். மறுபுறம், 2022-இன் அக்ரிபோர்டு தீர்ப்பில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆய்வு அலுவலகத்தையும் கட்டுப்படுத்தியது: முன் ஆவணம் சொல்வது என்ன, விண்ணப்பம் சொல்வது என்ன, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி எளிதில் வரும் என்ற மூன்றையும் விளக்காமல் "ஆப்வியஸ்" என்று முடிக்கக் கூடாது. வெறும் ஆவண எண்களை அடுக்கி மறுத்த உத்தரவு உங்களுக்கு வந்தால் மேல்முறையீட்டில் இதைக் காட்டலாம்.

ஐரோப்பாவில்?

மிக நெருங்கிய ஆவணம், அதிலிருந்து வேறுபடும் அம்சம் தீர்க்கும் சிக்கல், அந்தத் தீர்வுக்கு ஒருவர் போயிருப்பாரா என்று மூன்று படி. போயிருக்க முடியும் என்பது போதாது, போயிருப்பார் என்று காட்ட வேண்டும். வெறும் அடுக்கலுக்கு அவர்கள் வழிகாட்டியில் உள்ள உதாரணம் சுவையானது: இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும் உறையில் திணிக்கும் இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாசேஜ் இயந்திரம் என்பது.

நிறைய விற்கிறது. அது சான்றாகாதா?

விற்பனைக்கும் கிளெய்மில் உள்ள அம்சத்துக்கும் தொடர்பு காட்டினால் ஆகும். விலை, விநியோக வலை, கன்னோடு இலவசமாகக் கொடுத்தது போன்றவற்றால் விற்றது என்றால் ஆகாது. இதே கன்னுக்கு அந்த அம்சம் இல்லாத கவசமும் இருந்து, வாங்குபவர் உங்களுடையதைத் தேர்ந்தது அந்த அம்சத்துக்காகவே என்று காட்டும் ஆர்டர் கடிதங்கள் இருந்தால் எடை கூடும்.

கண்காட்சியில் வைத்துவிட்டேன், வீடியோவும் போட்டேன். இனி?

அமெரிக்காவில் நீங்களே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் அரசு அறிவித்த கண்காட்சிக்கும் அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரைக்கும்தான் 12 மாதச் சலுகை. சொந்த வீடியோவுக்கு இல்லை. ஐரோப்பாவில் ஏறக்குறைய வாசல் மூடிவிட்டது. அந்த வீடியோ உங்கள் புதுமையை மட்டுமல்ல, அடுத்து நீங்கள் செய்யும் மேம்பாட்டின் ஆப்வியஸ் கணக்கையும் பாதிக்கும். முதல் மாடலே உங்களுக்கு எதிரான நெருங்கிய ஆவணம் ஆகிவிடும். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் தாக்கல் செய்ய பிரிவு 39-இன் அனுமதி வேண்டும். அல்லது இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பசெனெட், இந்தியாவுக்கு இன்பாஸ். சொல்லைவிட வகைக் குறியீடு நம்பகம்: கையடக்க லேசர் கருவிக்கு பி23கே 26/0096, காப்புத் திரைகளுக்கு பி23கே 26/706, வெல்டிங் பாதுகாப்புச் சாதனங்களுக்கு பி23கே 37/006, எஃப்16பி 1/06. புகை அகற்றலுக்கு பி23கே 26/16-ஐச் சேர்த்துப் பாருங்கள். சீன மொழி ஆவணங்களை விடாதீர்கள். இந்தக் கன்களின் பெரும் உற்பத்தி அங்கே, இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தாலும் படம் போதும்.

ஆட்சேபத்துக்குப் பதிலளிக்க எவ்வளவு நேரம்?

இந்தியாவில் முதல் ஆய்வறிக்கை வந்து 6 மாதம். அதற்குள் கேட்டால் இன்னும் 3 மாதம். அமெரிக்காவில் பொதுவாக 3 மாதம், கட்டணம் கட்டி மொத்தம் 6 வரை. சென்னை அலுவலகத்தில் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் மின்வழி விண்ணப்பக் கட்டணம் ₹1,600, ஆய்வுக் கோரிக்கைக்கு ₹4,000. பெரிய நிறுவனத்துக்கு முறையே ₹8,000, ₹20,000.

காப்புரிமை மறுத்தால் கவசத்தை விற்கக் கூடாதா?

விற்கலாம். மறுப்பு விற்பனைத் தடை அல்ல. காப்புரிமை கிடைத்தாலும் அது விற்பனை உரிமம் அல்ல. இன்னொருவரின் காப்புரிமையில் உங்கள் கவசம் விழுகிறதா என்பது தனித் தேடல். பாதுகாப்புத் தகுதியும் தனி: கையடக்க லேசர் கருவிக்கான ஐ.எஸ்.ஓ. 11553-2 போன்ற தரநிலைகளை ஆய்வாளர் பார்ப்பதில்லை. இன்னொரு கோணத்தில் மட்டும் அந்தத் தரநிலை குறுக்கே வரும்: அதில் ஏற்கெனவே கேட்டிருக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை நீங்கள் கிளெய்மில் எழுதினால், ஆய்வாளர் எடுக்கும் முதல் ஆவணம் அந்தத் தரநிலையாகவே இருக்கும்.